அப்பா வாங்கிய லீவர் துப்பாக்கி

ஆளிவிதை எண்ணெயின் வாசனை இன்று எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. பழைய வேர்க்கடலையை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தது போல லேசாகக் கசக்கும் அந்த வாசனை, நான் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளையாக இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் சிட்னியின் பென்டில் ஹில் வீட்டின் சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்பி, அடுப்பில் கொதிக்கும் சாம்பாரின் பெருங்காய வாசனையோடு சண்டை போட்டபடி வீடு முழுவதும் சுற்றிவரும். மளிகைக் கடையில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ப் பத்திரிகையை மேசையில் விரித்து, அதன்மேல் தன் துப்பாக்கியைக் கிடத்தி, எண்ணெயைச் சில சொட்டுகள் கையில் விட்டுக்கொண்டு, பச்சைப் பிள்ளைக்குத் தேய்ப்பதுபோல் அப்பா அதன் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருப்பார். துணியால் தேய்க்கக் கூடாதாம். உள்ளங்கைச் சூடுதான் எண்ணெயை மரத்துக்குள் இறக்குமாம்.

"சோறு திங்கிற மேசையில துப்பாக்கி. வெளங்கிரும் குடும்பம்" என்பாள் அம்மா. வீட்டில் நான் ஒரே பிள்ளை. ஆனாலும் அந்தத் துப்பாக்கிக்கு அம்மா வைத்திருந்த பெயர் "மூத்தவ". "உங்க மூத்தவளக் குளிப்பாட்டியாச்சா? அப்ப எளையவளுக்குச் சோறு போடலாமா?" என்று கேட்டுக்கொண்டே தட்டுகளை எடுத்து வைப்பாள். மூத்தவள் என்றால் மூதேவி என்றும் ஒரு பொருள் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. அம்மா தெரிந்துதான் வைத்தாளா என்று இன்றுவரை கேட்டதில்லை.

அப்பா சாத்தூர்க்காரர். பக்கத்துச் சிவகாசியில் அச்சாகிப் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் கௌபாய் சித்திரக் கதைகளைப் படித்து வளர்ந்தவர். வெயிலில் உருகும் கரிசல்காட்டு ஊரில், கருவேலங் கட்டையைச் செதுக்கித் துப்பாக்கியாக்கி, சைக்கிளைக் குதிரையாக்கி, "டுமீல்" "டுமீல்" என்று வாயால் சுட்டுக்கொண்டு திரிந்த பையன்களில் ஒருவர். அந்தப் படக்கதைகளில் நாயகன் வைத்திருப்பது எப்போதும் ஒரே மாதிரித் துப்பாக்கிதான். விசைக்குக் கீழே வளையம் போல ஒரு கைப்பிடி இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா தயார். பிறகு அப்பா பொறியியல் படித்தார், அம்மாவைக் கட்டினார், சிட்னிக்கு வந்து பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் கட்டடங்களின் குளிரூட்டும் குழாய்களுக்கு வரைபடம் போடும் வேலையில் அமர்ந்தார். கௌபாய்கள் மறந்துபோனார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

நிலம் வாங்கப் போன இடத்தில்தான் அது திரும்பி வந்தது. நீல மலைகளைத் தாண்டி மேற்கே, மட்ஜிப் பக்கம், கல்லும் புல்லும் சரிவுமான கொஞ்சம் நிலத்தை அப்பாவும் குகன் அங்கிளும் சேர்ந்து வாங்கினார்கள். குகன் அங்கிள் கிளிநொச்சிக்காரர். எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளி இருந்தவர். ஒரு பண்டகசாலையில் இரவு வேலை பார்த்தவர். ஊரில் அவர்களுக்கு மாடும் ஆடுமாக ஒரு பட்டியே இருந்ததாம். போயர் என்ற கறி ஆட்டினத்தை வளர்த்து, பென்டில் ஹில் தமிழ்க் கடைகளுக்கு நல்ல ஆட்டிறைச்சி கொடுக்கலாம் என்பது அவருடைய யோசனை. அவருக்கு ஆடு தெரியும், அப்பாவுக்கு வேலி போடவும் தண்ணீர்க் குழாய் இழுக்கவும் தெரியும். இருவரும் சனிக்கிழமைக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தார்கள்.

நிலத்தை விற்ற டோரீன் என்ற விதவைப் பாட்டி, வீட்டைக் காலி செய்யும்போது, சுவரோரமிருந்த இரும்பு அலமாரியைத் திறந்து அந்தத் துப்பாக்கியைக் காட்டினார். அவருடைய மாமனார் இளைஞனாக இருந்தபோது வாங்கியதாம். அப்பா அதைக் கையில் வாங்கியபோது நான் பக்கத்தில் நின்றேன். எட்டுப் பட்டை வைத்த குழல். நீலச் சாயம் போய் பிளம் பழத் தோலின் நிறத்துக்கு வந்திருந்த இரும்பு. குதிரைச் சேணத்தில் மாட்டுவதற்கான சிறு வளையம். எத்தனையோ கைகள் பிடித்துப் பிடித்து ஓரங்கள் மழுங்கிய வால்நட் மரக் கட்டை. அப்பா லீவரைக் கீழே இறக்கி மேலே ஏற்றினார். எண்ணெய் போட்ட நல்ல பூட்டு திறந்து மூடுவதுபோல இரண்டு சத்தம், அவ்வளவுதான். அப்பாவின் முகம் சாத்தூர் பேருந்து நிலையத்துப் பையனின் முகமாக மாறியிருக்க வேண்டும். டோரீன் சிரித்தார். பிறகு, சிரிப்பை நிறுத்திவிட்டு, இது வேட்டைக்குப் போனதைவிடக் கால் ஒடிந்த குதிரைக்கும் எழுந்திருக்க முடியாத மாட்டுக்கும் போனதுதான் அதிகம் என்று தன் மாமனார் சொல்வார் என்றார். அப்பா தலையாட்டினார். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

லைசென்ஸ், பாதுகாப்பு வகுப்பு, இரும்புப் பெட்டி, போலீஸ் சோதனை என்று எல்லாம் முறைப்படி முடிந்து அது வீட்டுக்கு வர மாதங்கள் ஆயின. வேடிக்கை என்னவென்றால், அம்மாவும் கூடவே போய் வகுப்பில் உட்கார்ந்து தனக்கும் ஒரு லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், திருநெல்வேலிக்காரி, எதையும் பாதி தெரிந்துவைத்திருப்பது பிடிக்காது. "வீட்டுக்குள்ள பாம்பு வந்தாச்சுன்னா அது தல எந்தப் பக்கம், வாலு எந்தப் பக்கம்னாவது தெரிஞ்சிருக்கணும்லா" என்றாள்.

சனிக்கிழமை விடியற்காலை, எங்கள் பழைய வேகனில் நாங்கள் மூவரும் குகன் அங்கிளும் மலையேறும்போது, அப்பா அந்தத் துப்பாக்கியின் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். அதற்கு முந்தைய துப்பாக்கிகளில் ஒரு தடவை சுட்டால், மருந்தையும் குண்டையும் குழல்வாய் வழியாக இட்டுக் குச்சியால் கெட்டித்த பிறகுதான் அடுத்த தடவை. அதற்குள் எதிரி பக்கத்தில் வந்துவிடுவான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் யாரோ சிலர், விசையைச் சுற்றியிருக்கும் காப்பையே நீட்டி ஒரு நெம்புகோலாக்கினார்கள். கீழே இறக்கினால் வெற்றுத் தோட்டா வெளியே எகிறும், மேலே ஏற்றினால் புதுத் தோட்டா உள்ளே போகும், குதிரை தானாகப் பின்வாங்கி நிற்கும். (துப்பாக்கியில் அடிக்கும் சுத்தியலைத் தமிழில் குதிரை என்றுதான் சொல்வார்கள் என்பதில் அப்பாவுக்குத் தனிப் பெருமை.) தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் ரயில்பெட்டிகள் மாதிரி வரிசையாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் முதுகில் முட்டும் என்பதால், கூரான குண்டு போட்டால் உள்ளேயே வெடித்துவிடுமென்று மூக்கைத் தட்டையாக்கினார்கள். மெலிந்த உடம்பு, இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு எதுவும் இல்லை, சேணத்தின் பக்கவாட்டில் செருகினால் குதிரைக்கே தெரியாது. கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. மந்தைக்காரனிடமும் தங்கம் தேடியவனிடமும் போலீஸ்காரனிடமும் இருந்தது. நான் சின்னக் குழந்தையாக இருந்தபோது நாட்டில் நடந்த ஒரு பெருங்கொலைக்குப் பிறகு, தானாகவே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளையெல்லாம் அரசாங்கம் திரும்ப வாங்கி நசுக்கியபோதும் இது தப்பித்தது. "ஒவ்வொரு தோட்டாவுக்கும் மனுசன் கை அசையணும் பாப்பா. அதான் இதோட அழகு. மெஷினுக்கும் மனுசனுக்கும் பாதிப் பாதி" என்பார் அப்பா.

பின்சீட்டில் என் பக்கத்தில் குகன் அங்கிள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருவார். சரித்திரம் முடியும்வரை பேசமாட்டார். ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிச் சொன்னார். முதல்முறை அப்பா நிலத்தில் துப்பாக்கியை வெளியே எடுத்தபோது, அவர் நடந்து வந்து அப்பாவின் தோளில் கை வைத்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நான் நிக்கேக்க அந்தச் சாமானை வெளியில எடுக்காதேங்கோ. வெடிச் சத்தம் கேட்டா எனக்குக் கால் தன்பாட்டில ஓடும். நான் ஓடக்கூடாதெண்டு நினைச்சாலும் ஓடும்."

அப்பா உடனே உள்ளே வைத்துவிட்டார். அதன்பிறகு ஓர் ஏற்பாடு உண்டானது. மத்தியானம் குகன் அங்கிள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு குன்றுக்கு அப்பாலுள்ள குட்டைக்குப் போய்விடுவார். அவர் அங்கே போய்ச் சேர்ந்திருப்பார் என்று தெரிந்த பிறகு அப்பா ஒரு மண்மேட்டின் முன் தக்காளி டப்பாக்களை அடுக்குவார். உண்மையான சத்தம் "டுமீல்" இல்லை. அது பெரிய பலகை ஒன்று நட்டநடுவில் பிளப்பதுபோல இருக்கும். பிறகு மலை அதைத் திருப்பிச் சொல்லும். எகிறி விழும் பித்தளைக் குப்பிகளைப் பொறுக்குவது என் வேலை. கையில் சுடும். முகர்ந்தால் தீபாவளி மறுநாள் காலையின் வாசனை. அப்பா பத்துத் தடவை சுட்டால் நாலைந்து டப்பா விழும். அம்மா அலுத்துக்கொண்டே வாங்கி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, மூச்சை அடக்கி, ஒவ்வொன்றாக விழவைப்பாள். "ஊசி போடற கைல்லா" என்று அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். எங்கள் மூன்று பேரின் சிரிப்பும் ஒரே நேரத்தில் கேட்ட காலம் என்று நான் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு வருடத்தைத்தான்.

அடுத்த வருடம் மழை பெய்யவில்லை. அதற்கு அடுத்த வருடமும்.

வறட்சி என்ற சொல்லை நாங்கள் செய்தியில் கேட்டுக்கொண்டிருந்தோம். அது எங்கள் வேலிக்குள் வந்தது மெதுவாகத்தான் தெரிந்தது. முதலில் புல்லின் நிறம் போனது. பிறகு புல்லே போனது. குட்டை சுருங்கிச் சுருங்கி, ஓரத்துச் சேறு வெடித்து, நடுவில் ஒரு பச்சைக் குழம்பாக நின்றது. தாகத்தில் வந்த கங்காருக்கள் வேலிக் கம்பியோரம் செத்துக் கிடந்தன. வைக்கோல் வாங்க எங்கெங்கோ அலைந்தார்கள். மாநிலம் முழுவதும் எல்லோரும் அதற்குத்தான் அலைந்துகொண்டிருந்தார்கள். ஆடுகளை விற்றுவிடலாம் என்று அம்மா சொன்னாள். அப்போது கொஞ்சம் தெம்பாக இருந்தவற்றை விற்றார்கள். மிச்சமிருந்தவை சினை ஆடுகளும் குட்டிகளும். "இதுகளை வித்தா இனி ஆடு எண்டு ஒண்டும் இல்லை அக்கா. ஒரு மழை, ஒரே ஒரு மழை பெய்தாப் போதும்" என்றார் குகன் அங்கிள். கடைசியில் பண்டகசாலை வேலையை விட்டுவிட்டு, நிலத்தில் நின்ற பழைய கேரவனில் போய்த் தங்கினார். குர்ராஜாங் என்றொரு மரம் அங்கே உண்டு. எந்த வறட்சியிலும் பச்சை மாறாதது. அதில் ஏறிக் கிளை வெட்டிப் போட்டு ஆடுகளுக்கு உயிர் ஊட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் போகும்போதெல்லாம் அவரும் ஆடுகளைப் போலவே மெலிந்திருப்பார். அவர் மனைவி சாந்தி அன்ரி கட்டிக் கொடுத்த சாப்பாட்டில் பாதி ஆட்டுக்குட்டிகளுக்குப் போனது என்று அம்மா கண்டுபிடித்துத் திட்டினாள்.

மழை ஒரு வியாழக்கிழமை மாலை வந்தது. அப்பா அலுவலகத்திலிருந்து வந்து காலணியைக்கூடக் கழற்றவில்லை, தொலைபேசி அடித்தது. "அண்ணை, பெய்யுது! பெய்யுது அண்ணை! கேளுங்கோ!" என்று குகன் அங்கிள் கத்தியது எனக்கே கேட்டது. கேரவனின் தகரக் கூரைக்கு நேராகத் தொலைபேசியைப் பிடித்திருக்கிறார். நாங்கள் மூவரும் மாறி மாறிக் காதில் வைத்து அந்த இரைச்சலைக் கேட்டோம். அம்மா ரவா கேசரி கிண்டினாள்.

மறுநாள் அவர் கூப்பிடவில்லை. அப்பா கூப்பிட்டபோது எடுக்கவுமில்லை. சாயங்காலம் எடுத்தார். பனிக்காலம் போகும் நேரத்து மழை அது; கூடவே தெற்கிலிருந்து காற்று. எலும்பும் தோலுமாக இருந்த ஆடுகள், உடம்பில் ஒரு துளிக் கொழுப்பு இல்லாதவை, விடிய விடிய நனைந்து, விறைத்து, சேற்றில் விழுந்து கிடந்தன. சில செத்துவிட்டன. மற்றவை எழவில்லை. குடலில் ஏதும் இல்லாத விலங்கைக் குளிர் எப்படிக் கொல்லும் என்று பிறகு அம்மா எனக்கு விளக்கினாள். நாங்கள் இரண்டு வருடம் கேட்ட மழைதான் அது.

சனிக்கிழமை நாங்கள் போனபோது கால்நடை மருத்துவர் ஒரு இளம்பெண் வந்திருந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். இவற்றை வண்டியில் ஏற்றக் கூடாது, எங்கேயும் கொண்டுபோக முடியாது, இப்படியே விட்டால் இன்னும் இரண்டு மூன்று நாள் கிடந்துதான் சாகும் என்றார். தன்னிடமிருந்த மருந்தை மோசமாகக் கிடந்த சிலவற்றுக்குப் போட்டார். அன்றைக்கு அவர் போகவேண்டிய பண்ணைகள் அந்த மாவட்டம் முழுக்க இருந்தன. "உங்களிடம் ரைஃபிள் இருக்கிறதுதானே?" என்று கேட்டார். அப்பா தலையாட்டினார். எங்கே குறிவைக்க வேண்டும் என்று காட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்கும் குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குகன் அங்கிள் சேற்றில் உட்கார்ந்து ஒரு சினை ஆட்டின் தலையை மடியில் வைத்திருந்தார். அப்பா பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்ததை அவர் பார்த்தார். எழுந்தார்.  சரிவில் இறங்கிப் போகத் தொடங்கினார். அவர் போய்ச் சேரட்டும் என்று அப்பா காத்திருந்திருக்கலாம். வழக்கமாகக் காத்திருப்பார். அன்று அவரால் அந்தத் துப்பாக்கியோடு சும்மா நிற்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

முதல் வெடி சரியாகப் படவில்லை. ஆடு கத்தியது. ஆடு அப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியாது. அது குழந்தையின் சத்தம். அப்பா லீவரை இழுத்தார். அவசரத்தில் பாதிதான் இழுத்தார், பாதியில் திருப்பி ஏற்றினார், தோட்டா உள்ளே குறுக்கே சிக்கிக்கொண்டது. நூறு வருடமாக எத்தனையோ கைகளில் வழுக்கிக்கொண்டு ஓடிய அந்த லீவர், ஞாயிறுதோறும் எண்ணெய் தேய்த்தவர் கையில் நின்றுவிட்டது. ஆடு கத்திக்கொண்டே இருந்தது. அப்பா லீவரைப் போட்டு உலுக்கினார். "வர மாட்டேங்குது செல்வி… வர மாட்டேங்குது…" என்றார் அம்மாவைப் பார்த்து. அவர் அழுதுகொண்டிருந்தார்.

அம்மா போய்க் கையை நீட்டினாள். "தாங்க."

அப்பா கொடுக்கவில்லை.

"தாங்கன்னு சொன்னேன்லா. அது கெடந்து துடிக்கி." அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கி, குழலைத் தரைப் பக்கம் திருப்பி, லீவரை மெல்ல முழுக்க இறக்கினாள். சிக்கிய தோட்டா சேற்றில் விழுந்தது. "நீங்க போயிக் குகன் தம்பியப் பாருங்க. பாப்பா, நீ கார்ல போயி உக்காரு. கண்ணாடிய ஏத்திட்டு ரேடியோவச் சத்தமா வையி."

வைத்தேன். ஏதோ கிரிக்கெட் வர்ணனை. ஆனாலும் கேட்டது. கண்ணாடி வழியாகப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அம்மா ஒரு ஆட்டிலிருந்து அடுத்த ஆட்டுக்கு, அவசரமில்லாமல், நிற்காமல், குனிந்து பார்த்து, நகர்ந்து போய்க்கொண்டிருந்தாள். ஒருமுறை அம்மா தன் வார்டுக்கு என்னைக் கூட்டிப்போயிருந்தாள். அங்கே கட்டில் கட்டிலாக அவள் நடந்த அதே நடை.

வெகுநேரம் கழித்து அப்பா குகன் அங்கிளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பின்சீட்டில் என் பக்கத்தில் உட்காரவைத்தார். புதிதாகத் தண்ணீர் ஓடிய ஓடைக்குள் கால்களை விட்டுக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இடுப்புவரை நனைந்திருந்தது. பல் கிட்டியது. அப்பா தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தப்போனார். குகன் அங்கிள் அதைத் தள்ளிவிட்டார்.

"ஆசைப்பட்டு வாங்கினீங்கள் அண்ணை" என்றார். "அதுக்கு ஒரு வேலை வேணும்தானே. இப்ப சந்தோசமோ?"

அது நியாயமான பேச்சு இல்லை. மழையை அப்பா கொண்டுவரவில்லை; வறட்சியையும் கொண்டுவரவில்லை. சொன்னவருக்கும் அது தெரியும். ஆனால் சொல்லியாகிவிட்டது. அப்பா சட்டையைக் கையில் பிடித்தபடி, காற்றில் வெற்றுடம்போடு, கார்க் கதவருகே நின்றார். அம்மா கடைசி ஆட்டை முடித்துவிட்டு வந்து, துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டி, குழாயில் கை கழுவினாள். திரும்பிப் போகும்போது மலைமேல் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. 

நிலத்தை வந்த விலைக்குக் கொடுத்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் வாங்கித் தன்னுடையதோடு சேர்த்துக்கொண்டார். குகன் அங்கிளின் குடும்பம் ஒரே தெருவில் இன்னும் சில காலம் இருந்தது. அவர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவார். சாந்தி அன்ரி மட்டும் அம்மாவோடு கடையில் பேசுவார். பிறகு அவர்களும் வீடு மாறிப் போனார்கள். அப்பா பலமுறை தொலைபேசியைக் கையில் எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குள் நடந்ததைச் சொல்வது இன்னும் கடினம், ஏனென்றால் எதுவும் நடக்கவில்லை. சண்டை இல்லை. அம்மா வேலைக்குப் போனாள், வந்தாள். அப்பா போனார், வந்தார். தன்னால் முடியாததை அவள் செய்துவிட்டாள் என்பதற்காக அவளையும், அவளைச் செய்யவைத்துவிட்டோம் என்பதற்காகத் தன்னையும் அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கரண்டு பில், காய்கறி, என் பள்ளிக்கூடம் என்பவற்றைத் தாண்டி அவர்கள் பேசிக்கொண்டு நான் கேட்கவில்லை. துப்பாக்கி பெட்டிக்குள்ளேயே இருந்தது. அப்பா அதை விற்கவுமில்லை, வெளியே எடுக்கவுமில்லை.

உயர்நிலைப் பள்ளியில் இந்த நாட்டின் சரித்திரம் வந்தது. வடக்கே, மந்தைகளுக்கு நிலம் பிடித்தவர்களும் போலீஸும் மண்ணின் சொந்த மக்களை என்ன செய்தார்கள் என்று படித்தேன். ஒரு பழைய புகைப்படத்தில், குதிரைமேல் இருந்தவன் தொடையின்மேல் குறுக்கே கிடந்தது எங்கள் பெட்டியில் இருந்ததைப் போன்ற ஒன்று. அப்பாவிடம் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன்.  "படக்கதையிலயும் செவ்விந்தியங்கதான் செத்து விழுவாங்க பாப்பா. பக்கத்துக்குப் பக்கம் விழுவாங்க. நாங்க ஒருத்தரும் அதப் பாக்கல. துப்பாக்கியத்தான் பாத்தோம்" என்றார்.

அழகாக இருந்தது என்பது பொய்யில்லை. இவ்வளவுக்குப் பிறகும், வால்நட் கட்டையில் அந்த எண்ணெய் இறங்கி மரத்தின் ரேகைகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்ததை நினைத்தால், அதைப் போல அழகாகச் செய்யப்பட்ட பொருள் எதையும் எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை என்றே சொல்வேன். அந்த அழகை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

கல்யாணமாகி நான் மெல்பேர்னில், கிரெய்கிபர்னில் இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு சிட்னிக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன், அன்றைக்கு எப்படி முடிந்தது என்று. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "பக்கத்துல போனா ஒவ்வொண்ணும் தலையத் தூக்கப் பாத்துச்சு. தீனி கொண்டு வந்திருக்கேன்னு நெனச்சுச்சு" என்றாள்.  

போன வருடம், துப்பாக்கிச் சட்டங்களை இன்னும் இறுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்த சமயம், அப்பா என்னை வரச்சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்த இளைஞன் அதைச் சரிபார்க்க எடுத்தவன், "வாவ்" என்றான். சேகரிப்பவர்கள் இதற்காகத் தவம் கிடப்பார்கள், விற்கலாமே என்று நல்ல மனதோடு சொன்னான். வேண்டாம், அழித்துவிடுங்கள் என்றார் அப்பா. கையெழுத்துப் போட்டார். காருக்கு வந்ததும், "குகனப் பாத்து இதச் சொல்லிட்டு வந்துரணும்" என்றார்.

சாந்தி அன்ரியைத் தேடிப் பிடித்தேன். குகன் அங்கிள் முதியோர் இல்லத்தில் இருப்பதாகச் சொன்னார். வாங்கோ, ஆனால் ஆளைப் பார்த்துக் கவலைப்படாதேங்கோ என்றார். அம்மாவும் எங்களோடு வந்தாள். ஜன்னலோரக் கதிரையில் போர்வையோடு உட்கார்ந்திருந்த குகன் அங்கிளுக்கு எழுபதுகூட ஆகவில்லை. என்னைத் தெரியவில்லை. அப்பாவைப் பார்த்ததும் முகம் முழுதும் மலர்ந்தது.

"அண்ணை! வாங்கோ, வாங்கோ. எங்க இவ்வளவு நாளும்? உப்புக்கட்டி வாங்கினீங்களோ? போனமுறை மறந்துபோனீங்கள். சினை ஆடுகளுக்கு உப்பு வேணும்."

அப்பா வழியெல்லாம் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார்.  

"வாங்கியாச்சு தம்பி" என்றாள் அம்மா.

"எல்லாம் சுகமா நிக்குதுகளோ அக்கா?"

"எல்லாம் நல்லாருக்கு தம்பி. நேத்துகூடப் பாத்தோம்."

"அப்ப இந்தச் சனிக்கிழமை விடிய வெளிக்கிடுவம். வந்து என்னை ஏத்துங்கோ அண்ணை, என்ன?"

அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். தலையாட்டினார். சொல்ல வந்ததை யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த ஆள் அங்கே இல்லை. இனி வரவும் மாட்டார். அரைமணி நேரம் இருந்துவிட்டு வந்துவிட்டோம்.

நான் மெல்பேர்னுக்குத் திரும்பினேன். சனிக்கிழமை காலையில் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அம்மா எடுத்தாள். அப்பா எங்கே என்றேன்.

"விடியக்காலையிலயே எந்திச்சுக் குளிச்சு, பூட்ஸப் போட்டுக்கிட்டு ஹால்ல உக்காந்திருக்காரு" என்றாள். "எங்கயும் போகல. காப்பி குடுத்தேன், அப்படியே ஆறிக் கெடக்கு."